கறிவேப்பிலையும் கடாரத்து வண்ணத்துப்பூச்சிகளும்

தமிழர் குடியேறிய நாடு எதுவாயினும், வீட்டுப் புறக்கடையில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கக் காணலாம். கெடா மாநிலத்துத் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங், பாலிங் முதலிய வட்டாரங்களில் பால்மரங்களை ஒட்டி எழுந்த லயங்களின் பின்புறத்தில், குளிக்கும் நீர் வழிந்தோடும் இடமாகப் பார்த்து அச்செடியை நட்டனர். அதன் இளந்தளிரில் ஒருநாள் பறவையின் எச்சம் போன்ற ஒன்று ஒட்டிக் கிடக்கும். சில நாள் சென்றபின் அதுவே பச்சை நிறப் புழுவாகித் தளிரை மேயும். விரலால் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவைக் கொம்பு ஒன்றை நீட்டிக் கடுநாற்றம் வீசும். குழம்புக்கு இலை பறிக்க வந்த தாய் அதனை உதறி எறிந்துவிடுவாள். எறியாமல் விட்டுவைத்தால் அது கூடாகி, பின் கூட்டைக் கிழித்துக்கொண்டு கரிய வண்ணத்துப்பூச்சியாக வெளிப்படும்.

இங்கேதான் வியப்புத் தொடங்குகிறது. ஒரு செடியில் வளர்ந்த புழுக்களுள் ஒன்று, பின்சிறகில் வெண்புள்ளிகள் வரிசையாக அமைந்த கரும்பூச்சியாகிறது. இன்னொன்றோ, பின்சிறகின் நடுவே வெண்திட்டும் ஓரத்தில் செம்புள்ளிகளும் உடையதாக வெளிவருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் இவை வேறு வேறு இனம் என்றே கூறுவர். மேலைநாட்டு அறிஞரும் அவ்வாறே கூறினர். அவை ஓரினமே என்று உறுதிப்பட நூறாண்டுக்கு மேலாயிற்று. ஐரோப்பிய அறிவுலகம் சிறகின் வண்ணத்தைப் பார்த்தே முடிவு கட்டியதால் நேர்ந்த காலத்தாழ்வு இது. செடியைப் பார்த்திருப்பின் உண்மை முன்னரே விளங்கியிருக்கும்.

வண்ணத்துப்பூச்சிகளை இனங்காணும் கலையின் வரலாறு இவ்வொரு செய்தியில் அடங்கிக் கிடக்கிறது. செடியை அறிந்தவனே பூச்சியை அறிவான் என்பதே அது. செடிப் பெயர்களில் செழித்த மொழிக்கு உரியவரான தமிழாசிரியர்க்கு இக்கலை எவ்வளவு அணுக்கமானது என்பதைக் கடாரத்து மண்ணை வைத்து ஆராய்வது பயனுடையது.

கடாரத்து நால்வகை நிலம்

பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பது கடாரமே என நச்சினார்க்கினியர் உரை கண்டார். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை எட்டிய நாடும் அதுவே. கடலில் வருவோர்க்கு அந்நாளில் வழிகாட்டிய குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து நோக்கினால் கெடாவின் நிலவகைகள் தெளிவாக விளங்கும். மேற்கிலும் வடக்கிலும் நெல்வயல். தெற்கிலும் கிழக்கிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். தாய்லாந்து எல்லையை நோக்கி உலு மூடா முதலிய பெருங்காடுகள். இவற்றிடையே அலோர் ஸ்டாருக்கு அருகே குனோங் கெரியாங், வடக்கே கோடியாங், கிழக்கே பாலிங், கடலுள் லங்காவி என ஆங்காங்கே செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள்.

மலாயாத் தீபகற்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்டு. பிரிட்டன் தீவு முழுமைக்கும் அறுபதளவே உண்டு என்பதை நோக்க, இவ்வெண்ணின் பெருமை புலனாகும். கெடாவும் லங்காவியும் இவ்வளத்தில் தனியிடம் பெறுவன. ஆண்டுத் தொடக்கத்தில் தெளிவான வறட்சிக் காலம் இங்கு உண்டு. ஆதலின் பர்மா, தாய்லாந்து நாடுகளுக்கு உரிய வட இனங்கள் சில, தெற்கு நோக்கிப் பரவி இப்பகுதியோடு நின்றுவிடுகின்றன. தென்காட்டு இனங்களும் வடநாட்டு இனங்களும் கைகலக்கும் எல்லை இது.

தமிழ் மரபும் பூச்சியும்

தமிழில் வண்ணத்துப்பூச்சி, பட்டாம்பூச்சி என்னும் பொதுப்பெயர்கள் வழங்குகின்றன. ஈழத்தார் வண்ணாத்திப்பூச்சி என்பர். ஆயின் இனம் இனமாகப் பிரித்து வழங்கும் பழம்பெயர்கள் அரியன. பூவை நாடும் உயிர்களை வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பகுத்துப் பேசிய சங்கச் சான்றோரும் வண்ணத்துப்பூச்சிக்கு அத்தகைய பகுப்பைத் தந்திலர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் அடுக்குமிடத்துத் தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவின எனக் கூறியது. ஆணும் பெண்ணும் இளமையும் பற்றிய மரபுப் பெயர்களை அவ்வியல் விரிவாகத் தொகுத்தது. எனினும் புழுவும் கூடும் சிறகுமாக மாறும் இவ்வுயிரின் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை.

செடிகொடிகளின் நிலை இதற்கு மாறானது. குறிஞ்சிப்பாட்டு ஒன்றே தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்குகிறது. சித்த மருத்துவ நூல்கள் நூற்றுக்கணக்கான மூலிகைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கின்றன. எழுத்தறியாத மூதாட்டியும் வேலியோரத்து இருபது செடிகளைப் பெயரோடு காட்டுவாள். இவ்வறிவு தமிழகத்திலிருந்து கப்பலேறிய மக்களோடு மலாயாவுக்கும் வந்தது. பூச்சிப் பெயர் இல்லாத குறையை இச்செடிப் பெயர்களே நிறைவு செய்ய வல்லன என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

சுவீடனில் இட்ட பெயரும் தரங்கம்பாடி மருத்துவரும்

உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை விலங்குலகுக்கு முழுமையாகப் பொருத்தியவர் சுவீடன் நாட்டு லின்னேயசு. அவர்தம் நூலின் பத்தாம் பதிப்பு 1758இல் வெளிவந்தது. கீழைநாட்டை அவர் கண்டதில்லை. கப்பலில் வந்த காய்ந்த உடல்களையும் பிறர் தீட்டிய படங்களையும் வைத்தே பெயரிட்டார். வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கிரேக்கக் காப்பிய மாந்தரின் பெயர்களைச் சூட்டினார். கறிவேப்பிலையை நாடும் பூச்சிகளுள் ஒன்றுக்குப் பாலிட்டீசு என்றும் மற்றொன்றுக்குப் பம்மோன் என்றும் பெயர் வைத்தார். இருவரும் திராய் நகர மன்னன் பிரியாமின் மைந்தர்கள்.

அந்நூல் வெளிவந்து பத்தாண்டு கழித்து, 1768இல், அவருடைய மாணாக்கர் யோகான் கெர்கார்டு கோனிக் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். தேனியர் ஆட்சியிலிருந்த அத்துறைமுகத்தில் தங்கிச் செடிகளைத் தொகுத்தார்; பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணிபுரிந்தார். அவர் திரட்டிய பூச்சிகள் பல, லின்னேயசின் மற்றொரு மாணாக்கரான பப்ரீசியசின் கைக்குச் சேர்ந்து பெயர் பெற்றன. கோனிக் தமிழகத்தோடு நிற்கவில்லை. 1779ஆம் ஆண்டில் சயாமுக்கும் மலாக்கா நீரிணைக்கும் கடற்பயணம் செய்தார். அப்பயணக் குறிப்பு நூறாண்டு கடந்து, 1894இல், நீரிணைக் குடியேற்றத்து ஆசியக் கழக இதழில் ஆங்கிலத்தில் அச்சேறியது. தமிழ்க் கரையின் செடிகளையும் மலாயாக் கரையின் செடிகளையும் ஒருவரே கண்ணால் கண்டு ஒப்பிட்ட தொடக்கக் காலத்தவருள் அவர் ஒருவர். 1785இல் ஆந்திரக் கரையில் காலமானார்.

லின்னேயசு தம் மாணாக்கரின் பெயரை நிலைநிறுத்த ஒரு செடியைத் தேர்ந்தார். 1771இல் கறிவேப்பிலைக்குப் பெர்கெரா கோனிகி என்று பெயரிட்டார். பின்வந்தோர் அதனை முர்ராயா கோனிகி என மாற்றியபோதும், இக்காலத்தார் மீண்டும் பெர்கெரா என வழங்கும்போதும், கோனிக்கின் பெயர் மட்டும் நீங்கவில்லை. லயத்துப் புறக்கடையில் நிற்கும் செடி, தரங்கம்பாடியிலிருந்து மலாக்காவரை சென்ற மருத்துவரின் நினைவைத் தாங்கி நிற்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

உடன்பிறப்பு இருவர் கணவன் மனைவியானது

பாலிட்டீசு என்றும் பம்மோன் என்றும் லின்னேயசு பிரித்த இரண்டும் ஒன்றே என்பதை ஐயமற எடுத்துக்காட்டியவருள் தலையாயவர் ஆல்பிரெடு ரசல் வாலசு. 1854இல் மலாக்காவில் தங்கி ஓபிர் மலையேறிய அவர், எட்டாண்டு மலாய்த் தீவுகளில் அலைந்தார். 1864இல் இலண்டன் லின்னேயன் கழகத்தில் படித்து மறு ஆண்டு அச்சேறிய கட்டுரையில், மலாய் நிலத்து அழகிக் குடும்பப் பூச்சிகளை ஆராய்ந்து ஓர் உண்மையை நிறுவினார். ஓரினத்தின் பெண், ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்களில் தோன்றலாம்; அவ்வுருவங்களுள் சில, பறவைகள் தின்ன விரும்பாத வேற்றினத்தைப் போன்றிருக்கும் என்பதே அது. லின்னேயசின் பம்மோன் ஆண். பாலிட்டீசு அதன் பெண். பிரியாமின் மைந்தர் இருவர் இவ்வாறு கணவனும் மனைவியுமாயினர்.

அப்பெண் யாரைப் போல் வேடமிடுகிறது? ஈசுரமூலிக் குடும்பத்துக் கொடியைத் தின்று வளரும் ரோசா அழகியைப் போல். அக்கொடியின் நஞ்சு புழுவின் உடலில் ஏறிச் சிறகு முளைத்த பின்னும் தங்குவதால், ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அதைத் தொடுவதில்லை. 1775இல் பப்ரீசியசு இதற்குப் பெயரிட்டபோது கிரேக்க வீரனை நாடவில்லை. அக்கொடியின் பெயரையே வைத்து அரிசுட்டோலோக்கியே என்றார். செடியால் பூச்சிக்குப் பெயரிடும் முறை மேலைநாட்டு அறிவியலிலும் அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று.

தமிழகத்திலும் இலங்கையிலும் இக்கதை இன்னும் ஒரு படி வளர்கிறது. அங்கே கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு எக்டர் என்னும் மற்றொரு நச்சினம் உண்டு. ஆகவே கறிவேப்பிலைப் பூச்சியின் பெண் அதனைப் போன்ற மூன்றாம் வேடமும் பூணும். எக்டர் மலாயாவில் இல்லை; எனவே அவ்வேடமும் இங்கில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுவன் மூவகைப் பெண்ணைக் காண்பான். கூலிம் சிறுவன் இருவகையே காண்பான். பார்த்தொழுகப் பிறிதொன்று இல்லாத இடத்தில் வேடமும் இல்லை என்னும் இவ்வொப்பீடு, பாடநூல் விளக்கத்தினும் தெளிவானது.

பின்வந்த ஆய்வுகளும் இச்சிறு பூச்சியைச் சுற்றியே நடந்தன. 1913இல் பிரையர் என்பார் இலங்கையில் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, வேடங்கள் மெண்டலின் மரபு விதிப்படி இறங்குவதைக் காட்டினார். 2014இல் குந்தே, குரோன்பாரசுட்டு முதலிய ஆய்வாளர், வேடம் முழுவதையும் ஆள்வது டபுள்செக்சு என்னும் ஒரு மரபணுவே என வெளியிட்டனர். இன்று தமிழில் இதனைக் கறிவேப்பிலை அழகி என்பர். பிரியாமின் மைந்தன் பெயரினும் இப்பெயர் உண்மையைக் கூடுதலாகச் சொல்கிறது.

ரப்பர்க் கழகத்து மண்ணாய்வாளர் எண்ணியது

மலாயாவின் வண்ணத்துப்பூச்சிகளை ஒருங்கே தொகுத்த முதல் பெருநூலை எழுதியவர் வில்லியம் லூகாசு டிசுட்டண்டு. 1882 முதல் 1886 வரை பகுதி பகுதியாக அது வெளிவந்தது. புரோவின்சு வெல்லெசுலி, அதாவது இன்றைய செபராங் பிறை, அந்நூலில் பலவிடத்தும் வருகிறது. 1800ஆம் ஆண்டுவரை கெடாவின் பகுதியாயிருந்த நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ்த் தொழிலாளர் கரும்பு வெட்டிய மண் அது.

கெடாவின் உள்நாட்டைக் குறித்த தொகுப்புகள் பின்னரே பெருகின. 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் பாதுகாப்புக்குக் கெடா மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பரவின. கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெண்டில்பரி, 1928இல் குனோங் ஜெராயிலும் ஜித்ரா அருகேயுள்ள நீர்ப்பிடிப்புக் காட்டிலும் பூச்சிகளைத் திரட்டினார். அக்காலத்துச் சீட்டுகளில் ஊரும் நாளும் திரட்டியவர் பெயரும் மட்டுமே காணப்படும். பூச்சி அமர்ந்திருந்த செடியின் பெயருக்கு அச்சிறு தாளில் இடமில்லை.

பெண்டில்பரியோடு இணைந்து 1934இல் மலாயா வண்ணத்துப்பூச்சி நூலை வெளியிட்டவர் சுட்டீவன் கார்பெட்டு. அவர் தொழிலால் பூச்சியியலார் அல்லர். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் மண்ணை ஆய்ந்தவர். ரப்பர் உலகைச் சார்ந்த ஒருவர் ஓய்வு நேரத்தில் திரட்டிய பூச்சிகள் கணித உலகையே அசைத்தன. அவருடைய தொகுப்பில் 620 இனங்கள் இருந்தன. அவற்றுள் 118 இனங்களுக்கு ஒவ்வொரு பூச்சியே கிடைத்திருந்தது. 74 இனங்களுக்கு இரண்டிரண்டு. 44 இனங்களுக்கு மூன்று மூன்று. 24 இனங்களுக்கு நான்கு நான்கு. இவ்வெண்களைப் புள்ளியியல் மேதை பிசரிடம் கார்பெட்டு காட்டினார். கண்டவற்றை வைத்துக் காணாதவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே வினா. பிசர், கார்பெட்டு, வில்லியம்சு மூவரும் எழுதிய கட்டுரை 1943இல் வெளிவந்தது.

1956இல் குட், தூல்மின் இருவர் மேலும் ஒரு படி சென்றனர். முன்னர்ச் செலவிட்ட காலம் மறுபடியும் செலவிட்டால் எத்தனை புதிய இனங்கள் கிடைக்கும் என்பதற்கு எளிய வழி சொன்னார்கள். 118இலிருந்து 74ஐக் கழி, 44ஐக் கூட்டு, 24ஐக் கழி, இவ்வாறே இறுதிவரை மாறி மாறிச் செய்க. கார்பெட்டின் பட்டியலுக்கு விடை 75. ஆறாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய இக்கணக்கின் பின்னே ஆழ்ந்த கோட்பாடு இருக்கிறது. 1976இல் எப்ரான், திசுட்டெடு என்போர் இதே முறையை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தனர். சேக்சுபியரின் படைப்புகளில் வரும் 31,534 வெவ்வேறு சொற்களுள் 14,376 ஒரே ஒருமுறை வருவன. அதனைக் கொண்டு, அக்கவிஞர் அறிந்தும் எழுதாது விட்ட சொற்கள் எத்தனை என மதிப்பிட முயன்றனர். மலாயாக் காட்டுப் பூச்சியை எண்ணப் பிறந்த கணக்கு, ஒரு புலவனின் சொல்வளத்தை அளக்கப் பயன்பட்டது. மொழியாசிரியர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

போர் இம்முயற்சியைச் சிதைத்தது. 1945 மார்ச்சில் சிலாங்கூர் அருங்காட்சியகம் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. பெண்டில்பரி அவ்வாண்டிலும் கார்பெட்டு 1948இலும் மறைந்தனர். அவர்கள் நூல் மட்டும் 1956, 1978, 1992 என மறுபதிப்புக் கண்டது. பிந்திய இரண்டையும் எலியட்டு திருத்தி விரித்தார். மலாயா வண்ணத்துப்பூச்சியைக் கற்போர் கையிலெடுக்கும் அடிப்படை நூல் அதுவே.

சுண்ணாம்பு மேடு கற்பித்த பாடம்

வண்ணத்துப்பூச்சியை இனங்காணும் பழக்கம் இங்கிலாந்தில் பெரிதும் வளர்ந்தது தென்பகுதிச் சுண்ணாம்பு மேடுகளில். ஆடு மேய்ந்து புல் குட்டையான அம்மேடுகளில் நீலச்சிறகுப் பூச்சிகள் பறக்கும். வெள்ளியொத்த வெளிர்நீலம் ஒன்று; கண்ணைப் பறிக்கும் வான்நீலம் மற்றொன்று. ஆண்களைப் பிரிப்பது எளிது. பெண்களோ இரண்டிலும் பழுப்பு; தேர்ந்தவரும் தடுமாறுவர். இரண்டின் புழுக்களும் சுண்ணாம்பு மண்ணை விரும்பும் ஒரே பயற்றுச் செடியையே தின்பன. எனவே மண்ணைப் பார், செடியைப் பார், மாதத்தைப் பார், அதன்பின் சிறகைப் பார் என்பது அந்நாட்டுப் பாடமாயிற்று. 1950களில் நோயால் முயல்கள் மடிந்தபோது புல் உயர்ந்தது. வான்நீலப் பூச்சி பல மேடுகளிலிருந்து மறைந்தது. வலை வீசியவரால் அழியாத பூச்சி, புல் உயர்ந்ததால் அழிந்தது.

கெடாவின் சுண்ணாம்புக் குன்றுகள் அம்மேடுகளைப் போல் மென்மையானவை அல்ல. இங்கிலாந்தின் சுண்ணாம்பு பத்துக் கோடி ஆண்டுக்குட்பட்டது. கோடியாங் பாறை இருபது கோடி ஆண்டு கடந்தது. லங்காவியின் பழம்பாறை நாற்பது கோடி ஆண்டும் கடந்தது. இரண்டும் கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானவையே. எனினும் பாடம் ஒன்றே. பாறை மேல் மண் மெல்லியது, நீர் நில்லாது, வறட்சி தாங்கும் செடியே அங்குப் பிழைக்கும். குன்றின் அடியில் இறங்கினாலோ ஈரக்காடு தொடங்குகிறது. நூறு அடி நடப்பதற்குள் செடிகள் மாறும். செடிகளோடு பூச்சிகளும் மாறும். வெயிலேறிய முற்பகலில் காட்டு ஓடையின் ஈரமணலில் நீலப்பட்டையுடைய சார்ப்பிடான் என்னும் இனம் கூட்டமாக அமர்ந்து நீர் உறிஞ்சும். அவை பெரும்பாலும் ஆண்கள். அவை நாடுவது மண்ணிலுள்ள உப்பு. அவற்றின் பெண்களைத் தேட வேண்டிய இடம் ஓடையன்று; புழுவுக்கு உணவாகும் இலவங்கக் குடும்பத்து மரங்கள்.

தோட்டத்துச் செடிகளும் அவற்றின் பூச்சிகளும்

காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, புழுவுக்கு உணவாகும் பல்வகைச் செடிகள் மறைந்து காட்டினங்கள் ஒதுங்கின. ஆயினும் தோட்டத்தின் ஓரங்கள் வெறுமையாகவில்லை. லயத்துக் கொல்லை, கோயில் வளாகம், பள்ளி வேலி, வாய்க்கால் கரை ஆகியவற்றில் மக்கள் நட்டதும் தாமே முளைத்ததும் வேறொரு கூட்டத்தை வரவேற்றன.

எருக்கு நிற்கும் இடத்தில் வெந்தய வரியனைக் காணலாம். தமிழகத்தில் இதன் சிறகு நான்கும் செம்மஞ்சள். மலாயாவில் பின்சிறகு வெளுத்த வடிவமே மரபாகக் கூறப்படுவது. எருக்கம்பால் உண்டு வளர்ந்ததால் இதனையும் பறவை வெறுக்கும். கோழிப்பசலையை உண்டு வளரும் மிசிப்பசு என்னும் இனத்தின் பெண் இதன் வேடம் பூணும். வெந்தய வரியனின் பின்சிறகு நடுவே கரும்புள்ளிகள் மூன்றேனும் இருக்கும். வேடமிட்டதற்கு மேல்விளிம்பில் ஒன்றே. ஆமணக்கு முளைத்த குப்பைமேட்டில் அலைவரி போட்ட செம்பழுப்புப் பூச்சி திரியும். சீத்தாவிலும் நெட்டிலிங்கத்திலும் பச்சைப்புள்ளி அகமெம்னான். கொன்றையிலும் ஆவிரைக் குடும்பத்திலும் வெளிர்மஞ்சள் பூச்சி. வாழையிலையைச் சுருட்டி உள்ளிருக்கும் புழுவிலிருந்து அந்தியில் பறக்கும் தடித்த பழுப்புப் பூச்சி. தென்னையிலும் செம்பனையிலும் பனை அரசன். நெற்பயிரில் அந்திப் பழுப்பன். வயலும் தோட்டமும் இவ்வாறு தத்தம் இனங்களைப் பெற்றிருக்கின்றன.

இவற்றுள் ஒன்று தனித்துக் கூறத்தக்கது. செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளி தெளித்து, மெல்ல மிதந்து பறக்கும் அக்கிரேயா தெர்ப்சிகோரே என்னும் இனம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. கார்பெட்டும் பெண்டில்பரியும் நூல் எழுதிய நாளில் மலாயாவில் அது இல்லை. 1980களில் தாய்லாந்திலும், 1990களில் தீபகற்பத்தின் வடபகுதியிலும் தோன்றியது. 2006இல் சிங்கப்பூரையும் 2012இல் ஆசுதிரேலியாவின் டார்வின் பகுதியையும் எட்டிவிட்டது. அதன் புழு விரும்பும் செடிகளுள் ஒன்று சிறுபூனைக்காலி. அமெரிக்க மண்ணுக்கு உரிய அக்கொடி, ரப்பர்த் தோட்டங்களில் மண்ணைக் காக்கும் மூடுபயிராகவும் வளர்க்கப்பட்டது; பின்னர்க் களையாகப் பரவியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய மக்கள் களையெடுத்த கொடியை நாடி, அவர்கள் நாட்டுப் பூச்சி நூறாண்டு பின்தங்கி நிலவழியே வந்து சேர்ந்திருக்கிறது. எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் அது முதலில் அமர்ந்தது என்பதைக் குறித்துவைக்கும் வழக்கம் தோட்டப்பள்ளிகளில் இருந்திருப்பின், அக்குறிப்பு இன்று உலக அறிவுக்குச் செல்வமாயிருக்கும்.

இனங்காணும் முறை

வலையும் ஊசியும் இன்றியே இக்கலையைப் பயிலலாம். உணர்கொம்பின் நுனி தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. இறகு போன்றோ நூல் போன்றோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி. அடுத்துக் காலை எண்ணுக. நான்கு காலில் நிற்பதாகத் தோன்றினால் அது வரியன் முதலிய பெருங்குடும்பத்தது. அதன் முன்காலிரண்டும் குறுகி மார்போடு ஒட்டியிருக்கும். மூன்றாவதாக உடலின் நிறம் பார்க்க. ரோசா அழகியின் உடல் சிவப்பு. அதன் வேடமிட்ட கறிவேப்பிலை அழகியின் உடல் கறுப்பு. சிறகில் ஏமாற்ற முடிந்த பூச்சிக்கு உடலில் ஏமாற்ற முடியவில்லை. நான்காவது, சிறகின் அடிப்பக்கம். மேற்பக்கம் பளபளக்கும் நீலச்சிற்றினங்களை அடிப்பக்கத்துக் கோடுகளைக் கொண்டே பிரிக்க வேண்டும்.

ஐந்தாவதும் முதன்மையானதும் செடி. பெண் பூச்சி இலைக்கு இலை தாவி, காலால் தட்டிச் சுவை பார்த்து, தக்க இலையில் முட்டையிடும். அச்செடியின் பெயரைக் குறித்தால் இனத்தின் வட்டம் ஐந்தாறாகச் சுருங்கிவிடும். அம்முட்டையை இலையோடு கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, வெளிவருவதைப் பார்த்தால் ஐயமே இல்லை. வாலசு தொகுப்பை ஒப்பிட்டும் பிரையர் வளர்த்துப் பார்த்தும் நாட்டிய உண்மையை, வகுப்பறைச் சன்னலோரத்தில் நான்கு கிழமையில் காணலாம்.

பெயரிடும் பொறுப்பு

2019இல் தமிழ்நாட்டு அரசு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது. மேற்கு மலைத்தொடருக்கும் இலங்கைக்கும் உரிய அவ்வினம் மலாயாவில் இல்லை. அதன் உறவினங்கள் இங்குள்ள காடுகளில் உண்டு. தமிழக ஆர்வலர் அங்குள்ள இனங்களுக்கு நல்ல தமிழ்ப் பெயர்களைச் சூட்டி வருகின்றனர். மலாயாவின் ஆயிரத்தில் பெரும்பகுதிக்கு அத்தகைய பெயர் இல்லை. கிரேக்க வீரரின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வதினும், உண்ணும் செடியையும் வாழும் இடத்தையும் கொண்டு பெயரிடுவதே மாணவர் மனத்தில் நிற்கும்.

இப்பொறுப்புக்குக் காலம் நீளமாக இல்லை. தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, பள்ளிகள் சிமெண்டு முற்றமுள்ள நகர்ப்புறங்களுக்கு இடம் மாறுகின்றன. சுண்ணாம்புக் குன்றுகள் நாட்டின் பலவிடத்தும் சிமெண்டுக்கும் சாலைக்கும் உடைபடுகின்றன. குன்றை மீண்டும் எழுப்ப எவராலும் இயலாது. ஆனால் செடியை எடுத்துச் செல்ல இயலும். முன்னோர் கடல் கடந்து செய்ததும் அதுவே. கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, ஆமணக்கு, சீத்தா, ஈசுரமூலி ஆகிய ஆறினையும் பள்ளி வேலியோரம் நட்டு, மருந்து தெளியாது விட்டு, வந்த பூச்சியையும் நாளையும் செடியையும் மாணவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்யின், அருங்காட்சியகச் சீட்டில் இடம்பெறாத செய்தி தமிழில் இடம்பெறும். எருக்கம்பாலை மட்டும் சிறுவர் கண்ணில் படாமல் காப்பது ஆசிரியர் கடமை.

லின்னேயசு தொலைவிலிருந்து இட்ட இரு பெயர்களுள் ஒன்று பிழையாயிற்று. அவர் கறிவேப்பிலைக்கு இட்ட பெயரில் கோனிக் இன்றும் வாழ்கிறார். செடியை நேரில் கண்டவனின் பெயர் நிலைத்தது. கெடாவில் ஒரு தமிழ்ப் பிள்ளை, தாய் உதறி எறியும் பச்சைப் புழுவைக் கையில் ஏந்தி, இது இன்ன பூச்சி எனக் கூறும் நாளில், கடாரத்துத் தமிழரின் செடியறிவு பூச்சியறிவாகவும் மலர்ந்திருக்கும்.